47-ஆம் முகவரி எங்கே இருக்கிறது?

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தை ஒட்டிய மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றி யார் பேசினாலும் மலை, சுரங்கம், வெடி, தண்ணீர் என்றுதான் பேச்சு போகும். அதன் வடிவமைப்புக்குள் இன்னொரு வியப்பும் இருக்கிறது. வெளியே அது அதிகம் பேசப்படவில்லை. மொத்தம் 50,000 டன் இரும்பை 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள தகடுகளாக்கி, 151 அடுக்குகளாக அடுக்கி, அடுக்குகளின் நடுவே கண்ணாடி உணர்விகளைச் சொருகுவது திட்டம். இப்படி 3 தொகுதிகள். தொகுதிக்கு 150 இடைவெளி, இடைவெளிக்கு 64 உணர்வி. பெருக்கிப் பார்த்தால் 28,800 வருகிறது.

ஒவ்வோர் உணர்வியும் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே மெல்லிய இடைவெளியில் வாயு. மின்னூட்டமுள்ள துகள் ஒன்று குறுக்கே பாய்ந்தால் அந்த இடத்தில் ஒரு மின்துடிப்பு எழும். அதைப் படிக்க நீளவாக்கில் 64 பட்டை, அகலவாக்கில் 64 பட்டை. பட்டைகள் சொல்வதை வாங்கிக்கொள்ள உணர்விக்கு ஒன்றாகச் சிறிய மின்னணுப் பலகை. அந்தப் பலகைக்கு ஈதர்நெட் இணைப்பு உண்டு, தனக்கென ஐபி முகவரி உண்டு. இயற்பியல் ஆய்வகம் என்று நாம் நினைப்பது, கம்பிகளின் பக்கமிருந்து பார்த்தால், 28,800 உறுப்புகள் கொண்ட ஒரு கணினி வலை.

மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. அனுமதிக்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டது. திட்டமிட்ட கருவியின் சிறிய மாதிரி மட்டும் மதுரையில் 85 டன் இரும்போடும் 20 உணர்விகளோடும் 2018 முதல் இயங்கியது. வழக்குகளின் நியாயங்களுக்குள் இங்கே நான் போகவில்லை. என்னை இழுப்பது வேறு கேள்வி. 28,800-இல் ஒன்று நள்ளிரவில் பேச்சை நிறுத்திவிட்டால் எது நின்றது, எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தக் கேபிளின் முனையில் தொங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கேள்வி பெரிய ஆய்வகத்துக்கு மட்டும் உரியதல்ல. உத்தமபாளையத்தில் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 40 சிஸ்டம், 6 பிரிண்டர், 4 கேமரா, ஊழியர்களின் செல்போன்கள். காலை 11 மணிக்கு எல்லோரும் ஒரே குரலில் "நெட் ரொம்ப ஸ்லோ சார்" என்கிறார்கள். ரவுட்டரைப் பார்த்தால் 192.168.1.47 என்ற முகவரிக்காரர் மொத்த லைனையும் இழுத்துக்கொண்டிருக்கிறார். யார் அது? எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

அந்த முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. 192.168 என்று தொடங்கும் முகவரிகளை யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996 பிப்ரவரியில் ஒரு விதி வகுத்தார்கள். சின்னமனூர் கடையிலும் 192.168.1.47 இருக்கலாம், கம்பம் ஆஸ்பத்திரியிலும் இருக்கலாம், டோக்கியோவில் ஒரு வீட்டிலும் இருக்கலாம். அது இடத்தைச் சொல்லாது, ஆளையும் சொல்லாது.

கணினி வலையைப் பற்றி வெளியாட்கள் நினைப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் பெரிய வேறுபாடு இங்கேதான். வலைக்குள் உறுப்பினர் பட்டியல் என்று ஒன்று கிடையாது. கேபிளைச் செருகினால் சேர்ந்தாயிற்று, பிடுங்கினால் போயாயிற்று. ஒரே பதிவேட்டை எல்லோரும் நம்பியிருந்தால், அந்தப் பதிவேடு படுத்த அன்று எல்லாமே படுத்துவிடும். அதனால் யார் எங்கே என்ற அறிவு வலையெங்கும் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ரவுட்டரிடம் கொஞ்சம், ஸ்விட்சிடம் கொஞ்சம், முகவரி வழங்கும் சர்வரிடம் கொஞ்சம். அந்தத் துண்டுகளும் நிலையானவை இல்லை. சில நிமிடங்களில் அழிந்துவிடும், சில மணிக்கணக்கில் நிற்கும். வலையை மேற்பார்க்கும் மேலாண்மை மென்பொருளின் வேலை, அவை அழிவதற்குள் போய்க் கேட்டு, வாங்கி, ஒட்ட வைப்பது.

எல்லோருக்கும் தெரிந்த முதல் கருவி பிங். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல். ஒரு முகவரிக்கு வெறும் செய்தி அனுப்பு, திரும்பி வருகிறதா பார். இன்றைக்கும் தேனியில் எந்த நெட்வொர்க் ஆளுக்குப் போன் போட்டாலும் முதல் கேள்வி "பிங் வருதா?" என்பதுதான். மென்பொருளும் அதையே செய்கிறது: 1 முதல் 254 வரை எல்லா முகவரிக்கும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும். சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் விண்டோஸின் ஃபயர்வால் உள்ளிட்ட பல காவல் ஏற்பாடுகள் பிங்குக்குப் பதில் சொல்ல விடுவதில்லை. அறையில் 40 கணினி ஓடும், மென்பொருள் 15-ஐத்தான் காட்டும்.

பிங்குக்கு வாய் திறக்காத கருவியும் வேறொரு கேள்விக்கு வாய் திறந்தே ஆக வேண்டும். அது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் இடம். ஐபி முகவரி என்பது மேலே எழுதிய எண். கம்பியில் செய்தி போய்ச் சேர அது போதாது. கருவிக்குள் தொழிற்சாலையிலேயே பதித்த மேக் முகவரி வேண்டும். 1982-இல் டேவிட் ப்ளம்மர் இதற்கு ஏஆர்பி என்ற விதியை எழுதினார். ஒரு கணினி இன்னொன்றோடு பேச விரும்பினால் முதலில் அறையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரு கேள்வி அனுப்பும்: "192.168.1.47 யாரிடம் இருக்கிறது? 192.168.1.1-க்குச் சொல்லவும்." அந்த முகவரியை வைத்திருக்கும் கருவி மட்டும் தன் மேக் முகவரியைத் திருப்பி அனுப்பும். பதில் சொல்லாவிட்டால் அதற்கு ஒரு செய்தியும் வராது. இணையம் வேண்டுமென்றால் இதற்குப் பதில் சொல்லித்தான் தீர வேண்டும். பிங்கை மறுத்து ஒளிந்திருந்த 25 கணினிகளும் இப்போது வரிசையாகத் தலைகாட்டிவிடும். ஒளியவே முடியாத இடத்தில் கேள்வி கேட்பது எத்தனை புத்திசாலித்தனம்! சில பக்கங்களே கொண்ட விதி, 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் வீட்டு வைஃபை முதல் வங்கிக் கிளை வரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

மேக் முகவரியும் நிறைய பேசும். 48 இரும இலக்கங்கள். மொத்தம் 281 லட்சம் கோடி முகவரிகளுக்கு இடம். முதல் பாதியை ஐஇஇஇ அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கித் தருகிறது, பின்பாதியை நிறுவனம் தன் கருவிகளுக்கு வரிசையாகக் கொடுக்கிறது. முகவரி 00:80:77 என்று தொடங்கினால் அது பிரதர் நிறுவனத்துத் தயாரிப்பு. அலுவலகத்தில் அப்படி ஒன்று தென்பட்டால் அநேகமாகப் பிரிண்டர். 08:00:20 என்றால் பழைய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கணினி. மென்பொருள் கருவியைத் தொடாமலே, பெட்டியைத் திறக்காமலே, இது என்ன ஜாதிக் கருவி என்று பக்கத்தில் எழுதிக் காட்டுவது இந்த ஒதுக்கீட்டுப் பட்டியலைப் புரட்டித்தான்.

சரி, 47-இன் மேக் முகவரி கிடைத்துவிட்டது. இன்னும் இடம் தெரியவில்லை. இடத்தை அறிந்தவர் ஸ்விட்ச்.

ரேக்கில் வரிசையாகப் பச்சை விளக்கு மினுக்கும் அந்தப் பெட்டிக்கு 24 அல்லது 48 போர்ட் இருக்கும். ஒவ்வொரு செய்தியும் உள்ளே வரும்போது, அனுப்பியவரின் மேக் முகவரி எது, எந்தப் போர்ட் வழியாக வந்தது என்று ஸ்விட்ச் குறித்து வைத்துக்கொள்ளும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, போக்குவரத்தைப் பார்த்தே கற்கிறது. மறுபடி அந்த முகவரிக்கு ஏதாவது வந்தால் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பாமல் அந்த ஒன்றுக்கு மட்டும் அனுப்பும். கருவி 5 நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால், பெரும்பாலான ஸ்விட்சுகள் அந்தக் குறிப்பை அழித்துவிடும். மறப்பதும் வேண்டும், இல்லையென்றால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவருக்கு வரும் செய்தியெல்லாம் கீழ்த்தளத்துக் காலிப் போர்ட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

ரவுட்டரின் நினைவு அப்படி இல்லை. சிஸ்கோ ரவுட்டர்கள் வழக்கமாக ஏஆர்பி குறிப்பை 4 மணி நேரம் வைத்திருக்கும். அதனால் ரவுட்டர் "47 இருக்கிறது" என்று சொல்லும், ஸ்விட்ச் "அப்படி யாரும் இல்லையே" என்று கைவிரிக்கும். இரண்டும் பொய் சொல்லவில்லை. நல்ல மென்பொருள் இரண்டையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டு, கேட்ட நேரத்தையும் சேர்த்துத் தன் தரவுத்தளத்தில் எழுதிவைக்கும். நேற்று மாலை 4 மணிக்கு இந்தக் கருவி எங்கே இருந்தது என்ற கேள்விக்கு ஸ்விட்சிடம் பதில் இருக்காது, மென்பொருளிடம் இருக்கும்.

அலுவலகத்தில் ஒரே ஸ்விட்ச் இருந்தால் வேலை எளிது. பெரிய கட்டடங்களில் ஸ்விட்சுக்குப் பின்னால் ஸ்விட்ச். நடு ஸ்விட்சைக் கேட்டால் "24-ஆம் போர்ட் பக்கம்" என்று சொல்லும். அந்தப் போர்ட்டின் மறுமுனையில் இன்னொரு ஸ்விட்ச் இருக்கும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி என்ன செய்வார்? வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, ஒவ்வொரு மடையிலும் எந்தக் கிளைக்குத் தண்ணீர் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே போவார். மென்பொருளும் அப்படியே மடைக்கு மடை நடக்கிறது, மேலிருந்து கீழாக. ஒரு போர்ட்டுக்குப் பின்னால் 60 மேக் முகவரி தெரிந்தால் அது கிளை வாய்க்கால், இன்னும் போக வேண்டும். ஒரே ஒரு முகவரி தெரிந்தால் வயல் வந்துவிட்டது. பக்கத்து ஸ்விட்சுகள் 30 நொடிக்கு ஒருமுறை தம் பெயரையும் போர்ட் எண்ணையும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் எல்எல்டிபி என்ற விதி 2005-இல் வந்தபிறகு, எந்த மடை எந்தக் கிளையில் இருக்கிறது என்று ஊகிக்கக்கூட வேண்டாம், அவையே சொல்லிவிடுகின்றன.

இத்தனை பெட்டிகளிடமும் எந்த மொழியில் கேட்பது? ஒரு கம்பெனி ஸ்விட்ச், இன்னொரு கம்பெனி ரவுட்டர், மூன்றாவது கம்பெனி பிரிண்டர். 1988-இல் ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் எஸ்என்எம்பி என்ற பொதுமொழியை வகுத்தார்கள். அதில் உலகத்துக் கருவிகள் எல்லாவற்றின் எல்லாப் பண்புகளுக்கும் ஒரே எண்மரம். 1.3.6.1 என்பது இணையத்தின் கிளை. அதிலிருந்து 2.1.1.3 என்று கீழே இறங்கினால் "நீ எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய்?" என்ற கேள்வி. பதில் நொடியின் நூற்றில் ஒரு பங்குக் கணக்கில் வரும். 497 நாள் ஓடினால் எண் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2.1.17.4.3 என்று இறங்கினால் ஸ்விட்சின் நினைவு ஏடு. எந்த நாட்டுத் தயாரிப்பாக இருந்தாலும் அதே எண்தான். அடுத்தது, அடுத்தது என்று கேட்டுக்கொண்டே போனால் கிளையிலிருக்கும் எல்லா இலைகளையும் பறித்துவிடலாம்.

இந்த மரத்தில் 1.3.6.1.4.1 என்ற கிளை தனியார் நிறுவனங்களுக்கு. அதில் 2162-ஆம் கிளை அட்வென்ட்நெட் என்ற பெயரில் பதிவானது. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலானோர் 1996-இல் தொடங்கிய நிறுவனம் அது. சென்னையிலிருந்து எஸ்என்எம்பி மென்பொருள் எழுதி, நெட்வொர்க் கருவி செய்யும் உலக நிறுவனங்களுக்கு விற்றார்கள். 2001-ஐ ஒட்டித் தொலைத்தொடர்புத் துறை சரிந்து வாடிக்கையாளர்கள் காணாமற்போனபோது, அதே அறிவை அலுவலகங்களுக்கான மேலாண்மை மென்பொருளாக்கி 2002-இல் மேனேஜ்என்ஜின் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறியது. பலர் ஜோஹோவை மின்னஞ்சல் கம்பெனி என்றே நினைக்கிறார்கள். அதன் வேர் இந்த எண்மரத்தில் இருக்கிறது. எந்த மேக் முகவரி எந்த ஸ்விட்சின் எந்தப் போர்ட்டில் என்று அட்டவணை போட்டுத் தரும் கருவி ஒன்றை அவர்களே ஓபியூட்டில்ஸ் என்ற தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எழுதிய நிரல் எங்கோ ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் காணாமற்போன மடிக்கணினியைத் தேடுகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

ஏஆர்பி கேள்வி ரவுட்டரைத் தாண்டாது, அறைக்குள்ளேயே நின்றுவிடும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் மென்பொருளால் உத்தமபாளையத்து அறையில் குரல் கொடுக்க முடியாது. அதனால் அங்கே இருக்கும் ரவுட்டரின் நினைவு ஏட்டை எஸ்என்எம்பி மூலம் கேட்டு வாங்குகிறது. புதிய ஐபிவி6 முகவரிகளுக்குப் பெரும்பாலும் இதுவே வழி. ஒரே அறைக்கு அதில் 64 இரும இலக்கம் ஒதுக்குகிறார்கள். நொடிக்கு 10 லட்சம் முகவரி தட்டிப் பார்த்தாலும் முடிக்க 5 லட்சத்து 84 ஆயிரம் ஆண்டு ஆகும். தட்டிப் பார்க்கும் காலம் போய்விட்டது. யார் யாரைப் பார்த்தீர்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதே வழி.

தூரம் கூடும்போது இன்னொரு சிக்கல் வரும். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளும் அதில் அடக்கம். கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலே போகிறது. வருசநாட்டுப் பக்கம் ஒரு மரம் விழுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மௌனமாகலாம். திரையில் பத்துச் சிவப்புப் புள்ளிகள். ஆனால் பழுது ஒன்று. எந்தக் கருவிக்குப் பின்னால் எந்தக் கருவி என்ற வரைபடம் மென்பொருளிடம் இருந்தால்தான், பத்து ஊருக்கும் ஆள் அனுப்பாமல் ஒரு கம்பத்துக்கு அனுப்ப முடியும். மௌனத்திலும் இரண்டு வகை உண்டு: கேபிள் அறுந்ததா, மின்சாரம் போனதா? ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் சிறிய மின்தேக்கி ஒன்று இருக்கும். மின்சாரம் போனதும் அதில் மிச்சமிருக்கும் துளி மின்னூட்டத்தைக் கொண்டு "எனக்கு மின்சாரம் போகிறது" என்று ஒரே ஒரு செய்தியை அனுப்பிவிட்டுத்தான் பெட்டி அணையும். துறைக்காரர்கள் அதைக் கடைசி மூச்சு என்பார்கள். கடைசி மூச்சு வந்திருந்தால் மின்வாரியத்துக்குப் போன். வரவில்லையென்றால் ஏணியைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும்.

இதுவரை தேடியது கருவியை. ஆளைத் தேடுவது வேறு கலை, அதைக் கம்பி சொல்லாது.

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் கணினி முன் அமர்ந்து, மாதிரிக் காயைப் பார்த்து, விசையைத் தட்டி விலை ஏற்றுகிறார்கள். 2021-இல் ஏலம் மேகக்கணினிக்கு மாறியபின் போடியில் இருப்பவரும், கம்பம் மெட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ள முடிந்தது. இங்கே "3-ஆம் வரிசைக் கணினியிலிருந்து கிலோவுக்கு இந்த விலை வந்தது" என்று தெரிந்தால் போதாது. எந்த வியாபாரியின் பெயரில் வந்தது என்பதே சரக்குக்குப் பணம் யார் தருவது என்பதை முடிவு செய்கிறது. கணினி மாறலாம், முகவரி மாறலாம், ஊரே மாறலாம். லாகின் செய்த பெயர் நிற்க வேண்டும்.

அதனால் மேலாண்மை மென்பொருள் ஆளைத் தேடும்போது வேறு ஏடுகளைப் புரட்டுகிறது. அலுவலகத்தின் மைய சர்வர் ஒவ்வொரு லாகினையும் பதிவு செய்கிறது. விண்டோஸில் அதற்கு 4624 என்று எண். இந்தப் பயனர், இந்தக் கணினியிலிருந்து, இந்த நொடியில் உள்ளே வந்தார். முகவரி வழங்கும் சர்வரிடம் இன்னொரு ஏடு: இந்த முகவரியை இந்த மேக் முகவரிக்கு இத்தனை மணிமுதல் இத்தனை மணிவரை கொடுத்தேன். வைஃபையில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு உள்ளே விட்டிருந்தால் அங்கே மூன்றாவது ஏடு. பெயர், கணினி, ஐபி, மேக், ஸ்விட்ச், போர்ட், சுவர் சாக்கெட், நாற்காலி என்று சங்கிலி நீள்கிறது. இதில் எல்லாக் கண்ணியையும் இணைப்பது நேரம். ஒரு சர்வரின் கடிகாரம் 10 நிமிடம் பிந்தினால், காலை 11.20-க்கு 47-ஐ வைத்திருந்தவருக்குப் பதில் 11.10-க்கு வைத்திருந்த அப்பாவி மாட்டிக்கொள்வார். 2022 ஏப்ரல் 28-இல் இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட ஆணையில், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதோடு, கணினிகளின் கடிகாரங்களை அரசின் நேரச் சர்வர்களோடு பொருத்திவைக்க வேண்டும் என்றும் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஆளைத் தேடும் கதைகளில் பேர்பெற்றது 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் நடந்தது. கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, ஏன் என்று பார் என்று கிளிஃப் ஸ்டோல் என்ற வானியலாளரிடம் சொன்னார்கள். யாரோ ஒருவர் சில நொடிகள் கணினியைப் பயன்படுத்திவிட்டுப் பணம் கட்டவில்லை. ஸ்டோல் விடவில்லை. வலைக்கு வலை, நாட்டுக்கு நாடு தாண்டிப் போன தடம் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் முடிந்தது. அங்கே ஆட்கள் நேரில் போய் ஒயர் ஒயராகப் பின்தொடர்ந்தபிறகே மார்கஸ் ஹெஸ் என்ற பெயர் வெளிவந்தது. மென்பொருள் வாசல் வரை கொண்டுவிடும். கதவைத் தட்டியவர்கள் மனிதர்கள்.

இன்று செல்போன்களே தம் மேக் முகவரியை மறைக்கின்றன. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உம், 2020-இல் ஐஓஎஸ் 14-உம் வந்தபின், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியை உருவாக்கிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கடைக்குக் கடை, பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்ட் ஒருவரின் நடமாட்டத்தை மேக் முகவரி வைத்துப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது அடி. நல்லதுதான் என்பேன். அலுவலக வலையைக் காப்பவருக்குச் சிரமம் உண்டு. ஆனால் சிரமத்துக்கு வழி, பெயர் கேட்டு உள்ளே விடுவது. சொல்லாமல் வேவு பார்ப்பது வழியல்ல. தன் கருவியை அலுவலக வலை பதிவு செய்கிறது என்பது அங்கே வேலை செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உத்தமபாளையத்து 47-க்கு வருவோம். ரவுட்டரிடமிருந்து மேக் முகவரி கிடைத்தது. நடு ஸ்விட்ச் 24-ஆம் போர்ட்டைக் காட்டியது, அதன் மறுமுனையில் மாடி ஸ்விட்ச் 17-ஆம் போர்ட்டைக் காட்டியது. அங்கே ஒரே ஒரு முகவரி. லாகின் ஏட்டில் தேடினால் அந்த முகவரிக்கு எதிரே எந்தப் பெயரும் இல்லை. ஆளே இல்லாத கருவி. முகவரியின் முன்பாதியைப் பட்டியலில் பார்த்தால் கேமரா செய்யும் நிறுவனம். 17-ஆம் போர்ட்டின் கேபிளைப் பிடித்துக்கொண்டு போனால் கோப்பு அலமாரிக்குப் பின்னால் தூசி படிந்த கேமரா ரிக்கார்டர் ஒன்று. மாட்டிவிட்டுப் போனவர், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றவே இல்லை.

இப்படிப்பட்ட ரிக்கார்டர்களும் கேமராக்களும் என்ன செய்யும் என்பதை 2016-இல் உலகம் பார்த்தது. மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகள் 60-க்கும் மேற்பட்டதை வரிசையாகப் போட்டுப் பார்த்து, உலகெங்கும் இருந்த லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவை ஒரே நேரத்தில் டைன் என்ற நிறுவனத்தின் பெயர்ச் சர்வர்கள் மீது பாய, ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அந்தப் பெட்டிகளின் உரிமையாளர்கள் பலருக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் அப்பெட்டிகள் யாருடைய பட்டியலிலும் இல்லை.

மிராய் கருவியின் தற்காலிக நினைவில் மட்டுமே குடியிருக்கும்; மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் போய்விடும். பழைய பாஸ்வேர்டோடு மறுபடி நெட்டில் மாட்டினால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். ஆகவே கேபிளைப் பிடுங்கி, ரிக்கார்டரை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டை மாற்றி, கேமராக்களுக்கென்று தனியாகப் பிரித்த வலையில் மாட்ட வேண்டும். சாக்கெட்டின் மேல் ஸ்விட்ச் எண்ணையும் போர்ட் எண்ணையும் மார்க்கரில் எழுதிவைத்தால், அடுத்தமுறை அலமாரியை நகர்த்த வேண்டியிருக்காது.